மங்குக்கு லேசர்: ஆரணியிலிருந்து அண்ணாநகருக்கு இரண்டு பயணம்

இந்த வலைப்பதிவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கோவில் பயணங்கள்தான். படவேடு, திருவண்ணாமலை, ஒரே ஒரு தடவை திருப்பதி. இது கோவிலுக்குப் போனது இல்லை. முகத்துக்காகப் போனது. போன வருஷம், 2008-ல், தை மாதம் ஒரு தடவையும் மாசி மாதம் ஒரு தடவையும் ஆரணியிலிருந்து சென்னை அண்ணாநகருக்குப் போனேன், மங்குக்கு லேசர் வைத்துக்கொள்ள. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். போன மாதம் இந்த வலைப்பதிவைப் படிக்கிற ஒரு தங்கை, "அக்கா, லேசர் பண்ணிக்கப் போறேன், பயமா இருக்கு, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா" என்று கேட்டு எழுதியிருந்தாள். தெரிந்தவள் நான்தான் அம்மா. பயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் வீடு சேவூரில். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். பின்கட்டில் சாயப்பட்டறை, மூன்று செம்பு அண்டா, மூன்று அடுப்பு. என் வீட்டுக்காரர் கை மணிக்கட்டு அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்து கோணலாகக் கூடிப்போனது. அதிலிருந்து அண்டாப் பக்கம் நின்றது நான். வண்ணம் கலப்பது, கொதிக்கிற தண்ணீரில் நூலைத் திருப்பித் திருப்பி முக்குவது, சரியான நிறம் வந்ததும் எடுப்பது எல்லாம் என் கண்ணும் என் கையும்தான். ஆரணியில் அரக்கு நிறத்துக்கு என் கையைத் தேடி வருகிற நெசவுக்காரர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன், மறைப்பானேன்.

அதே எட்டு வருஷமாக மங்கு. இரண்டு கன்னத்திலும் பழுப்பாகப் படர்ந்து, மூக்குத் தண்டில் ஏறி, மேல் உதட்டில் மீசை மாதிரி நிற்கும். ஜாதிக்காய் இழைத்துப் போட்டேன். உருளைக்கிழங்குச் சாறு போட்டேன். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு டியூபு கொடுப்பார்கள், பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பும். அந்த டியூபை எட்டு வருஷத்தில் எத்தனை வாங்கினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் 2006-ல் போளூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வீடியோ எடுக்கிறவர் அத்தனை பேர் முன்னால், "அக்கா, நீங்க கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க, லைட்டுல மூஞ்சி திட்டுத் திட்டா வுழுது" என்று சொல்லிவிட்டார். பின்னாடி போனேன். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில்கூட உட்காரவில்லை. இப்போது என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், 2008 மாசிக் கடைசி முகூர்த்தம். நான் ஒரே அத்தை. மணப்பெண்ணின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பின்னாடி போக வழியே இல்லை. அதற்குள் முகம் சரியாக வேண்டும், இல்லையென்றால் ஏதாவது காய்ச்சல் என்று படுத்துவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

கூட வந்தது என் நாத்தனார் செல்வி. கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. லேசர் விளம்பரம் வந்த வாரப் பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்ததே அவள்தான். முதல் நாளே வந்து தங்கிவிட்டாள்.

காலை நாலரைக்கு என் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் எங்கள் இருவரையும் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் ஆரணி பஸ் ஸ்டாண்டில் விட்டார். மூன்று கிலோமீட்டர்தான். "ஜல்தியா வந்து சேரு. மாப்பிள்ளை வீட்டுக்கு நூல் ஏத்தணும், அரக்கு நீ இல்லாம ஆவாது" என்றார். அவர் சொன்னது கல்யாணப் பெண்ணின் கூறைப் புடவைக்கான நூல். அதையும் நான்தான் போட வேண்டும். முகம் போகிற போக்கில் இது வேறு.

ஐந்து பத்துக்கு ஆற்காடு வழியாகச் சென்னை போகிற பஸ். டிக்கெட் 47 ரூபாய். கோயம்பேடு வரை கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். ஆற்காட்டுக்கு ஆறு மணி, காவேரிப்பாக்கம் ஆறு ஐம்பது, ஸ்ரீபெரும்புதூர் எட்டே கால். பொழுது விடிந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. பஸ் கிழக்கே போகிறது, தை மாதத்து வெயில் வலது பக்க ஜன்னலில் நேராக முகத்தில் அடிக்கிறது. மங்குக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவள் முகத்தை வெயிலில் காட்டிக்கொண்டு போகலாமா? எழுந்து இடது பக்கம் முன்னால் போனேன். அங்கே என்ஜின் மூடியின் அனல். திரும்பவும் பின்னால். கண்டக்டர் பொறுக்க முடியாமல், "இன்னாமா, எடம் எடமா மாறினு கீற? பஸ்ஸு ஓடுதா நீ ஓடுறியா?" என்றார். செல்வி சிரித்துச் சிரித்து இருமினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா அண்ணி, பிரசவத்துக்குப் போற மாதிரி கீற?"

"எரிஞ்சு போச்சுன்னா இன்னா பண்றது செல்வி? மூஞ்சி ஆச்சே. பொடவையா, வேற எடுத்துக்க?"

"பத்திரிகையில போட்டுகீறான் இல்ல, வலியே இல்லைன்னு."

ஒன்பது ஐந்துக்குக் கோயம்பேடு. கழிப்பறைக்கு இரண்டு ரூபாய், காபி ஐந்து ரூபாய். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், அறுபதுக்கு வந்தார். "எந்த ஆஸ்பத்திரிமா?" என்று கேட்டதற்கு நான் தெருப் பெயரை மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "லேசர் மாடியா? இன்னிக்கு காலைல ரெண்டு சவாரி அங்கதான் போச்சு" என்றார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

முதல் மாடி. கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. என்னைப் போலவே ஒன்பது பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, எத்தனை குழந்தைகள், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, தொழில். தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் பேங்க், டீச்சர். ரேஷன் கார்டில் என்ன இருக்கிறதோ அதையே எழுதினேன். இல்லத்தரசி.

டாக்டரைப் பார்க்கும் முன்னால் கவுன்சலர் என்று ஒரு பெண் அழைத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், மாசுமருவில்லாத முகம். கல்யாணம் மாசியில் என்றதும் காலண்டரைப் பார்த்தாள்.

"நார்மலா ஆறு சிட்டிங் மேடம். உங்களுக்கு ஏழு வாரம்தான் இருக்கு. பவர் கொஞ்சம் ஏத்தி வச்சு மூணு சிட்டிங்ல முடிச்சுடலாம். இன்னிக்கே ஃபுல் ஃபேஸ் ஸ்டார்ட் பண்ணிக்கறீங்களா?"

செல்வி, "பண்ணிடுங்க, பண்ணிடுங்க" என்றாள். எனக்கும் வாய் வரை வந்துவிட்டது. மூன்று தடவை, முகம் சுத்தம், கல்யாணத்தில் முன்னால் நிற்கலாம். பாவி, என்ன ஆசை! ஆனால் அந்த 'பவர் ஏத்தி' என்ற வார்த்தை உள்ளே எங்கேயோ இடித்தது. எங்கள் பட்டறையில் யாராவது அவசரம் என்று வந்து, "சூட்டை ஏத்தி ஒரே முக்கா முக்கிக் குடுங்க" என்றால் நான் செய்யவே மாட்டேன். எத்தனை பெரிய பார்ட்டி வந்தாலும் சரி, முதலில் ஒரு பிடி நூலை மட்டும் முக்கி, பிழிந்து, நிழலில் காயவைத்து, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு நிறம் காட்டும். அந்த ஒரு பிடி காயாமல் மீதி நூல் அண்டாவில் இறங்காது. ஒரு புடவை நூலுக்கே அப்படி. இது நான் சாகும்வரை சுமக்கப்போகிற முகம்.

"முதல்ல ஒரு ஓரமா கொஞ்சம் போட்டுப் பாக்க முடியுமாங்க?" என்றேன்.

"அதெல்லாம் தேவைப்படாது மேடம். எல்லாருக்கும் நல்லாதான் வருது."

"தேவைப்படலைன்னா இருக்கட்டும்ங்க. எனக்குப் போட்டுப் பாக்கணும்."

செல்வி என் தொடையில் கிள்ளினாள். அந்தப் பெண் முகம் சுருங்கி உள்ளே போனாள். டாக்டரே கூப்பிட்டார். ஐம்பது வயது அம்மா, கண்ணாடி, தலை நரைக்கு மை போடாதவர். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. விளக்கைக் கிட்டே இழுத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். டியூபைப் பற்றிக் கேட்டார், சொன்னேன், உச்சுக் கொட்டினார். தோல் மெலிந்துபோயிருக்கிறதாம்.

"டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்னு கேட்டீங்களாமே. யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லைங்க. சும்மா தோணிச்சு."

"நல்ல விஷயம்தான் கேட்டீங்க. வெயில்ல ரொம்ப அலைவீங்களா?"

"இல்லைங்க. வீட்டுக்குள்ளதான்."

"அடுப்பு அனல்?"

"ஒரு வேளை சமையல்தாங்க. ஒரு மணி நேரம்."

எல்லாம் உண்மை. வெயிலில் அலைவதில்லை, சமையல் ஒரு மணி நேரம்தான். அப்போது அவர் என் கையைப் பார்த்தார். முந்தின நாள் போட்ட அரக்கு. நகக்கண்ணில், விரல் ரேகையில், எவ்வளவு சோப்புப் போட்டாலும் நாலு நாள் நிற்கும்.

"மருதாணியா?"

"ஆமாங்க" என்றேன்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

லேசர் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள், சொல்கிறேன். கண்ணில் இரும்புக் கரண்டி மாதிரி ஒரு மூடி வைத்துக் கட்டிவிட்டார்கள். எதுவும் தெரியாது, சத்தம் மட்டும். இடது காதுக்கு முன்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் டப் டப் டப் என்று. எண்ணெயில் போட்ட கடுகு வெடித்து முகத்தில் தெறிப்பது மாதிரி இருந்தது. முடி பொசுங்கின வாசனை. ஒரு நிமிஷம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஐஸ், பிறகு களிம்பு. டாக்டர் ஃபீஸ் 250, அந்த ஒரு ரூபாய் இடத்துக்கு 500, வெயில் களிம்பு 385. வெயிலும் அனலும் ஆகாது, நாலு வாரம் கழித்து வந்து காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ் இரண்டு மணிக்கு. இந்தத் தடவை மேற்கே போகிறது, வெயில் இடது பக்கம், நான் வலது பக்கம் நடுவில். பூந்தமல்லி தாண்டியதும் செல்வி ஆரம்பித்தாள். 

"எதுக்கு அண்ணி மருதாணின்னு சொன்ன?"

"அந்தம்மா கேட்டாங்க, ஆமான்னு வந்துடுச்சு."

"டாக்டர் கிட்ட போய் பொய் சொல்லினு வந்துகீற."

"சாயப்பட்டறைன்னு சொன்னா பட்டறைய வுடுன்னு சொல்லுவாங்க. வுட்டுட்டு? உங்க அண்ணன் கைய வச்சுகினு அண்டாவைத் தூக்குவாரா?"

 சாயத்தை மருதாணி என்று சொன்னதில் வெட்கமும் இருந்தது, அதை நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஆறு பத்துக்கு ஆரணி.

நாலு நாள் அண்டாப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் கூறைப் புடவை நூலுக்குத் தேதி நெருங்கிவிட்டது. வெயில் களிம்பைப் பூசிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பட்டறைக்குக் கூரை இருக்கிறது, வெயில் வராது, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சமாதானம். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஆவி முகத்தில் அடிக்கும், வேர்வை வழியும், களிம்பு கண்ணுக்குள் இறங்கி எரியும். அரக்கு அற்புதமாக வந்தது, அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

காதோரத்து நாணயத்தைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் சிவப்பு. இரண்டாம் வாரம் பொருக்கு உதிர்ந்து, அடியில் வெளுப்பாக, சின்ன வயதில் இருந்த என் தோல். அன்றைக்கு நான் அழுதேன், சந்தோஷத்தில். செல்விக்குப் போன் போட்டு முழு முகத்துக்கும் பதிவு பண்ணச் சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரம் அதில் ஒரு சாம்பல் படர்ந்தது. என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். நிறத்தில் என் கண் தப்பாது என்பதும் எனக்குத் தெரியும். நாலாம் வாரம் அந்த நாணயம் கன்னத்து மங்கைவிடக் கறுத்து, கரியால் வட்டம் போட்ட மாதிரி நின்றது.

இரண்டாவது பயணம் அதே பஸ், அதே 47 ரூபாய். எதையும் பார்க்கவில்லை, எதுவும் நினைவில்லை. காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் இருந்தது என்று செல்வி பிறகு சொன்னாள். நான் காதோரத்தை விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம். ஏற்கெனவே இருந்ததோடு இது ஒன்று புதிதாக.

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெயில்ல போனீங்களா?"

"இல்லைங்க."

"களிம்பு போட்டீங்களா?"

"மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டேங்க."

"அப்புறம் ஏன் இப்படி வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறவர் மாதிரிக் கேட்டார். தப்பு தன்னுடையதோ என்று அவர் யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன்.

"அம்மா, இது மருதாணி இல்லைங்க. சாயம். பட்டுக்குச் சாயம் போடறோம். தெனம் அஞ்சு மணி நேரம் கொதிக்கிற அண்டா மேல மூஞ்சிய வச்சுகினு நிக்கிறேன். எட்டு வருஷமா நிக்கிறேன்."

அவர் என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இது என்ன கலர்?"

"அரக்குங்க. எங்க அண்ணன் பொண்ணு கூறைப் பொடவைக்கு."

"மங்கும் எட்டு வருஷம்தானே?"

"ஆமாங்க."

சொல்லும்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. எட்டு வருஷமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளும் சேர்த்துப் பார்க்காத மடச்சி நான். அனலும் ஆகாது என்று அவர் எழுதிக் கொடுத்தபோதும், மங்குக்கு வெயில்தான் பெரிய கெடுதல் என்று நினைத்திருந்தேன். அனலும் அதே வேலையைச் செய்யும் என்று அவர் சொன்னார். முழுக் காரணம் அதுதான் என்று சொல்லமாட்டாராம், பிள்ளைப்பேறு, உடல்வாகு, அந்த டியூபு என்று நிறைய இருக்கிறதாம். நம் நிறத்துத் தோலில் லேசர் பட்ட இடம் கறுப்பதும் உண்டாம். ஆனால் லேசர் பட்ட தோலைக் கொண்டுபோய் ஆவியில் காட்டினால் கறுக்காமல் என்ன செய்யும் என்றார்.

"அன்னைக்கு ஓரமா போட்டுப் பார்க்கணும்னு நீங்க பிடிவாதம் பிடிக்கலைன்னா, இந்த வட்டம் இப்ப முகம் முழுக்க இருந்திருக்கும்."

 பட்டறை கற்றுக்கொடுத்த புத்தி காப்பாற்றியது, பட்டறையை மறைத்த புத்தி கெடுத்தது. இரண்டும் என் புத்திதான், யாரைத் திட்டுவது?

லேசர் இப்போது வேண்டாம் என்று எழுதிவிட்டார். டியூபைத் திடீரென்று நிறுத்தாமல் அவர் சொல்கிற மாதிரிக் குறைக்க வேண்டும், ராத்திரிக்கு வேறு களிம்பு, பகலில் வெயில் களிம்பு, ஆவிப் பக்கம் போகக்கூடாது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், அப்போதும் போகும் என்று உறுதி சொல்லமாட்டேன், போனாலும் திரும்பலாம் என்றார். வாரப் பத்திரிகைப் பக்கத்தில் இதெல்லாம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "மொதல்லயே சொல்லி இருந்தா நான் நின்னுருப்பேன் இல்ல. கைதான கோணல், கால் நல்லாதான கீது" என்றார். இப்போது அண்டாவில் நிற்பது அவரும் ஒரு கூலியாளும். நான் பட்டறை வாசலுக்கு வெளியே நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் கொண்டுவந்து நீட்டுகிற ஒரு பிடி நூலைக் காயவைத்துப் பார்த்து, இன்னும் வேண்டும், போதும் என்று சொல்கிறேன். முதல் மாதம் இரண்டு தடவை நிறம் தப்பியது, சண்டையும் வந்தது. இப்போது பழகிவிட்டது.

கல்யாணத்துக்குப் போனேன். காய்ச்சல் வரவில்லை, வரவழைக்கவும் மனசு வரவில்லை. வெயில் களிம்பைப் பட்டையாகப் பூசிக்கொண்டு போனதில், மணப்பெண் என்னைப் பார்த்து, "இன்னா அத்தை, அரிசி மாவு பூசினு வந்துட்டியா?" என்று மேடையிலேயே சிரித்தாள். முகூர்த்த நேரத்தில் வீடியோ விளக்கு என் பக்கம் திரும்பியது. வீடியோ எடுக்கிறவர் பின்னாடி போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து சிடி வந்தது. செல்வியும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தோம், என் முகத்தைப் பார்ப்பதற்கென்றே. முடிந்ததும் செல்வி, "பரவால்ல அண்ணி, அவ்ளோ தெரியல இல்ல?" என்றாள்.  இரண்டரை மணி நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கூறைப் புடவையின் அரக்கு விளக்கு வெளிச்சத்தில் எப்படி விழுகிறது என்பதைத்தான்.

இன்றைய நிலவரம்: கன்னத்து மங்கு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. மேல் உதட்டில் அப்படியே இருக்கிறது. காதோரத்து வட்டம் சாம்பல் நிறமாகி இன்னும் நிற்கிறது, முடியை இழுத்து மூடிக்கொள்கிறேன். குறைந்த பவரில் மெதுவாக லேசர் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் இந்த வருஷம் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. 

போகப்போகிறவர்களுக்கு: காலையில் சென்னை போகும்போது பஸ்ஸில் இடது பக்கம் நடுவில் உட்காருங்கள், திரும்பும்போது வலது பக்கம், என்ஜின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஐந்து பத்து பஸ்ஸை விட்டால் பதினோரு மணிக்குள் போய்ச் சேர முடியாது. ஆட்டோவுக்கு அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள், இப்போது ஏறியிருக்கலாம். மருந்துக்கடை டியூபு வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஒளிக்காதீர்கள். கல்யாணம், நிச்சயம் என்று தேதி வைத்துக்கொண்டு போகாதீர்கள், அவசரக்காரியைப் பார்த்தால்தான் பவரை ஏற்றச் சொல்வார்கள். யார் என்ன சொன்னாலும் காதோரத்தில் ஒரு ரூபாய் இடம் போட்டுப் பார்த்து, நாலு வாரம் வீட்டு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.

எனக்கு எழுதின தங்கைக்கு மட்டும் இன்னொன்று. நீயும் பட்டறை வீட்டுப் பெண் என்று எழுதியிருந்தாய். படிவத்தில் தொழில் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே உன் தொழிலை எழுது. டாக்டர் உன் நகத்தைப் பார்த்து மருதாணியா என்று கேட்டால், இல்லைங்க, சாயம் என்று சொல்.